அந்த வயர் எங்கே போகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் மதுரைப் பக்கம் வயர்மேன் வேலை பார்த்தவன் நான். பழைய வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கூடப் பார்க்கிறார்கள். சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

குடிவந்த பிறகுதான் கண்ணில் படும். ஜன்னல் ஓட்டை வழியாக மாடிக்கு ஏறும் ஒரு வயர், பரணுக்குள் புகுந்து காணாமல் போகும் இன்னொன்று. முன்னே இருந்தவர்கள் ஏசி வாங்கியபோது ஒன்று, இன்வெர்ட்டர் வைத்தபோது ஒன்று, மாடியில் ரூம் எடுத்து வாடகைக்கு விட்டபோது ஒன்று என்று அந்தந்த நாளைக்குக் கிடைத்த ஆளை வைத்து இழுத்திருப்பார்கள். பார்க்கவே அசிங்கமாக இருக்கிறதே, பிடுங்கி எறிவோம் என்று கை பரபரக்கும். வேண்டாம். எங்கே போகிறது என்று தெரியாமல் எந்த வயரையும் வெட்டாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சமையலறை வென்டிலேட்டர் வழியாக வெளியே போன ஒரு வயரை, மெயினை இறக்கிவிட்டுத்தான் அந்த வீட்டுக்காரர் வெட்டியிருக்கிறார். பொறி பறந்து கட்டிங் பிளேயரின் வாயே கருகிப் போயிற்று. "மெயினை இறக்கிட்டேன் அண்ணே, அப்புறம் எப்படி அடிக்கும்?" என்று கேட்டவருக்கு இன்னும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த வயரின் பின்னாலேயே போனேன். கொல்லையில் வேப்பமரத்தில் ஏறி, மதிலைத் தாண்டி, சந்து முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறது. உள்ளே ஒரு குண்டு பல்பு. முன்னே அந்த வீட்டில் இருந்த பெரியவர் கொடுத்த விளக்காம். கரண்ட் போனாலும் பிள்ளையார் இருட்டில் இருக்கக் கூடாது என்று இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்திருக்கிறார்! மெயினை இறக்கினால் என்ன, பேட்டரி இருக்கிறதே, அது கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

அதைவிட என்னைப் பதற வைத்தது அந்த வேப்பமரம். கிளையில் உரசி உரசி வயரின் மேல்தோல் போய், இரண்டு விரல்கடை அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அதே கிளையில் ஒரு ஜாண் கீழே துணி காயப்போடும் இரும்புக் கம்பி கட்டியிருந்தது. அந்த வயர் கொஞ்சம் தொய்ந்து கம்பியில் பட்டிருந்தால், ஈரத்துணியோடு போன அந்த வீட்டம்மா என்ன ஆகியிருப்பார்? இன்வெர்ட்டரையும் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, அந்த லைனை முழுசாக இறக்கிப் போட்டேன். வீட்டு இணைப்பிலிருந்து வெளியே கரண்ட் கொடுக்கக் கூடாது. கோயிலுக்குத் தனி இணைப்பு கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

அதனால் முதல் வேலை ஒரு நோட்டுப் புத்தகம். மெயின் போர்டில் எம்சிபி என்று வரிசையாக இருக்கும், அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்; அதை ஒவ்வொன்றாக இறக்குங்கள், எந்த ரூமில் எந்த விளக்கு, எந்த பிளக் பாயின்ட் நின்றது என்று ஒரு ஆள் கூவட்டும், நீங்கள் எழுதுங்கள். இன்வெர்ட்டர் லைனைத் தனியாக எழுதுங்கள். எதை இறக்கினாலும் நிற்காத பாயின்ட் ஒன்று இருந்தால் அங்கேதான் வில்லங்கம். எழுதியது போதும், போர்டை நீங்களே திறக்க வேண்டாம். வயர்மேன் சான்றிதழ் உள்ள ஆளைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் கையில் கொடுங்கள், அவருக்குப் பாதி நாள் வேலை மிச்சம்.

அவர் என்ன பார்க்க வேண்டும்? ஜாயின்ட். எண்பதுகளில் கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் நிறைய உண்டு. அதில் செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேராது, நாளாக நாளாக அரித்து, தளர்ந்து, சூடாகும். பரணில் அப்படி ஒன்றைப் பிரித்தேன், டேப் உருகி வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது. 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும், ஏசிக்கு 4 போடுவது நல்லது. விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரில் ஹீட்டரை மாட்டிவிட்டு, எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 10 ஆம்பியரைக் கழற்றி 32 போட்டு வைத்திருப்பார்கள். அப்புறம் எம்சிபி விழாது, வயர்தான் எரியும்.

எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு, அதைப் பற்றித்தான் அதிகம் பேசலாம் என்று வந்தேன், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக இழுத்த லைன்களில் பச்சை வயர் இருக்கிறதா, அது நிஜமாகவே எர்த் குழிவரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர்க் குழாயில் கட்டி விட்டிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெயில் காலத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே தானே விழும் சுவிட்ச், ஆர்சிசிபி என்பார்கள், அதில் 30 மில்லி ஆம்பியர் ஒன்று போடுங்கள், இன்வெர்ட்டர் லைனுக்கும் தனியாகக் கேளுங்கள். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். வணக்கம்.