ஓட்டைக் கப்பலும் ஒன்பது மாலுமிகளும்

(மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள குருமண்வெளியில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஓய்வுநிலை அதிபர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பிரதேச சபை உறுப்பினர்களே, ஆலய வண்ணக்கர்மார்களே, பள்ளிவாசல் மரைக்காயர்மார்களே, பங்குத்தந்தை அவர்களே, மீனவர் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களே, வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலிருந்து, பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகேறி வந்திருக்கும் தாய்மாரே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எவரையேனும் விளிக்க மறந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். சென்ற முறை இதே மேடையில் ஒரு வண்ணக்கர் ஐயாவை விட்டுவிட்டேன். மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. இன்று அவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்பதால் அவருக்கு மட்டும் இன்னொரு முறை வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் பயணிகள் கப்பல்களைப் பரிசோதிக்க எழுந்த சட்டங்கள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதனை மூன்றாக வகுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அச்சட்டங்கள் இங்கிலாந்தில் எவ்வாறு பிறந்தன என்பது முதலாவது. குடியேற்ற நாட்டு மக்கள் பயணஞ்செய்தபோது அவை யாருடைய உயிருக்கு என்ன விலை வைத்தன என்பது இரண்டாவது. இலங்கைத் துறைமுகங்களில் அவை நடைமுறைக்கு வந்த விதம் மூன்றாவது. “ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி” என்று நம் முன்னோர் சொன்ன பழமொழியை இம்மூன்றுக்கும் திறவுகோலாகக் கொள்ளலாம். அதை நான் அடிக்கடி சொல்வதாக என் வீட்டார் குறைப்படுவதுண்டு. இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

நீராவிக் கப்பல்கள் வந்த புதிதில் கொதிகலன் வெடித்தும் கப்பல்கள் மோதியும் மக்கள் மாண்டார்கள். 1846ஆம் ஆண்டுச் சட்டம் பயணிகளை ஏற்றும் நீராவிக் கப்பல்கள் ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கப்பட வேண்டுமென்றது. 1854இல் வந்த வணிகக் கப்பற் சட்டம், கப்பலின் உடலைப் பார்க்க ஒருவர், இயந்திரத்தைப் பார்க்க ஒருவர் என்று பரிசோதகர்களை நியமிக்கும் அதிகாரத்தை, கப்பற் போக்குவரத்துக்குப் பொறுப்பான அரசாங்கத் திணைக்களமாகிய வர்த்தகச் சபைக்கு அளித்தது. 1894ஆம் ஆண்டின் பெருஞ்சட்டத்தின்படி பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நீராவிக் கப்பலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கப்பட வேண்டும். எத்தனை பேரை ஏற்றலாம் என்ற எண்ணிக்கை சான்றிதழில் எழுதப்பட வேண்டும். அந்தச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கு வந்ததே அதற்காகத்தான்.

1855ஆம் ஆண்டில் ஒரே பாராளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. இங்கிலாந்திலிருந்து குடிபெயர்வோருக்கு மேல்தட்டில் ஆளுக்குப் பதினைந்து சதுர அடி இடம் என்றது ஒன்று. சீனத் தொழிலாளரை ஏற்றும் கப்பல்களில் ஆளுக்குப் பன்னிரண்டு சதுர அடி என்றது மற்றது. ஆசிய உடம்பு மூன்று சதுர அடி சுருங்கிப் படுக்கும் என்று கணக்குப் போட்டவர் யாரோ! நமது கடலில் அந்தக் கணக்குக்கூட இருந்ததாகத் தெரியவில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்த ‘ஆதிலட்சுமி’ 1864இல் மூழ்கியபோது அதில் வந்த தமிழ்த் தொழிலாளர் 120 பேர். மலையகத்துப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூரும் துயரம் அது.

இனி ஒரு கதை. கதையென்றாலும் விசாரணைப் பதிவில் உள்ளது. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். டைட்டானிக் கப்பலை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். படம் பார்த்து அழுதவர்களும் இக்கூட்டத்தில் இருப்பீர்கள். நான் சொல்லப்போவது அந்தக் காதலர்களைப் பற்றியல்ல, சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அக்கப்பலைப் பார்வையிட்ட கப்டன் மோரிஸ் கிளார்க் என்ற உத்தியோகத்தரைப் பற்றி. அவர் கடமை தவறியவரல்லர். கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உயிர்காப்பு அங்கிகளைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார். ஆனால் ஆட்களை ஏற்றி நீரில் இறக்கிப் பார்த்த படகுகள் இரண்டே இரண்டு. சட்டமும் அவருக்குத் துணை நின்றது. படகுகளின் எண்ணிக்கையைக் கப்பலின் தொன் அளவை வைத்து வகுத்த அட்டவணை, பத்தாயிரம் தொன்னும் அதற்கு மேலும் என்ற வரியோடு நின்றுவிட்டது. அந்த வரிக்குப் பதினாறு படகுகள். டைட்டானிக்கோ நாற்பத்தாறாயிரம் தொன்னுக்கு மேல். நான்கு மடிப்புப் படகுகளையும் சேர்த்து இருபது படகுகளில் 1,178 பேருக்கு இடமிருந்தது. கப்பலில் இருந்தவர்களோ 2,200க்கு மேல். சட்டப்படி எல்லாம் சரி. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள், சட்டப்படியே.

பின்னர் இலண்டனில் மேர்சி பிரபுவின் தலைமையில் நடந்த விசாரணையில் கிளார்க் சாட்சியாக நிறுத்தப்பட்டார். உமது பரிசோதனை முறை திருப்திகரமானதென்று நினைத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பின் ஏன் அப்படிச் செய்தீர் என்றார்கள். அது வழக்கம் என்றார். கெட்ட வழக்கத்தையும் பின்பற்றுவீரோ என்று விடாமல் கேட்டபோது, தாம் அரசாங்க ஊழியர் என்றும் வழக்கமே தம்மைப் போன்றோரைப் பெரும்பாலும் வழிநடத்துகிறதென்றும் அந்த மனிதர் பதில் சொன்னார். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். முன்வரிசையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். (மீண்டும் சிரிப்பு) கிளார்க்கை நான் குறைகூறமாட்டேன். அவர் உண்மையைச் சொன்னார். அட்டவணை எழுதியவர், படகு கட்டியவர், கப்பற் கம்பனி, வர்த்தகச் சபை, பரிசோதகர், கப்டன் என்று எண்ணிக்கொண்டு போனால் ஒன்பது மாலுமிகள் வந்துவிடுவார்கள்; ஓட்டையை அடைக்கத்தான் ஆளில்லை.

சுமையேற்றிய கப்பல் எந்த அளவுக்கு மேல் நீரில் அமிழக்கூடாதென்று காட்டும் சுமைக்கோட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்களைச் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்று சாடியவர் சாமுவேல் பிளிம்சோல் என்ற பாராளுமன்ற உறுப்பினர். அவரது போராட்டத்தால் 1876இல் கப்பலின் பக்கத்தில் கோடு போட வேண்டுமென்று சட்டம் வந்தது. எங்கே போடுவதென்பதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஒரு கப்டன் அதைப் புகைபோக்கியின் மேல் தீட்டினாராம். 1890இல்தான் கோட்டின் இடத்தை அரசு நிர்ணயித்தது.

நமது மட்டக்களப்புக்கு வருவோம். 1928இல் புகையிரதம் வருவதற்கு முன்னர் ‘லேடி ஹெவ்லொக்’, ‘லேடி கோர்டன்’ என்ற நீராவிக் கப்பல்கள் தீவைச் சுற்றி வந்து நம்மவரைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்றன. முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கும் கப்பலுக்குத் தோணியில் போய் ஏற வேண்டும். பரிசோதனைச் சட்டமெல்லாம் கப்பலுக்கு இருந்தது; மூதாட்டியொருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் தோணியை எந்த உத்தியோகத்தர் எட்டிப் பார்த்திருப்பார்? 1924இல் கல்லடியில் லேடி மன்னிங் பாலம் திறக்கப்படும்வரை நகரத்தாரின் நிலையும் அதுதான். வாவியின் கிழக்குக் கரையாகிய எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையில் நமது நிலை இன்றும் அதுதான்.

நான் இளம் ஆசிரியனாக மண்டூருக்குப் பாதையேறிப் போய்வந்த நாட்களில், கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில், துறையடியில் நின்ற பாதைக்காரத் தம்பியிடம் இதில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேட்டேன். “ஏறுற மட்டும் ஏத்தலாம் சேர், தண்ணி சொல்லும்” என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. தண்ணீர் சொல்லத்தான் செய்யும். அது முன்கூட்டியே சொல்வதற்காகத்தான் பிளிம்சோல் கோடு கேட்டார். இந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது யாரென்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே மூன்றாவதைக் காட்டினார்கள். ஐந்தோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். மிகுதி நான்கு மாலுமிகளும் எங்கோ இருந்திருப்பார்கள்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தபோது என்ன நடந்ததென்பதை இங்கே விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பாலம் கட்டி முடியாத இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள். அன்றே ஆறு உயிர்கள்; அவர்களில் நால்வர் சிறுவர். பாலம் வேண்டுமென்று கேட்போம், வரட்டும், மாலை போட நானும் வருவேன். பாலம் வரும்வரையில் பாதையில்தானே ஏறப்போகிறோம்?

ஆகையால் எனது கோரிக்கை சிறியது. வெள்ளைக்காரனின் 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து ஒரேயொரு வரியை நாம் எடுத்துக்கொள்வோம். வாவியின் ஒவ்வொரு துறையடியிலும் ஒவ்வொரு பாதையிலும், ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் கடைசியாகப் பரிசோதித்த திகதியும் பரிசோதித்தவரின் பதவியும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். பாதையின் பக்கத்தில் வெள்ளைக்கோடு ஒன்று வேண்டும். பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கிகள் வேண்டும். பலகையில் நாற்பது என்று எழுதியிருந்தால் நாற்பத்தோராவது ஆளைத் தடுக்க உத்தியோகத்தர் வரவேண்டியதில்லை. ஏறி நிற்கும் நாற்பது பேரும் தடுப்பார்கள்.

மூன்றாவதாகச் சொல்வதாக இருந்த இலங்கைத் துறைமுகச் சட்டங்களைத் தொடவே நேரமில்லாமற் போயிற்று. தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். தைப்பூசத்தின் பின் இன்னொரு கூட்டம் வைத்தால் அதைச் சொல்வேன். மண்டபத்தின் பின்புறம் மேசையில் மனு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. இருட்டுமுன் கடைசிப் பாதை புறப்பட்டுவிடும். ஆதலால் படுவான்கரைக்குப் போகிறவர்கள் முதலில் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். எழுவான்கரையார் சற்றுப் பொறுத்துக்கொள்வோம்.