புள்ளைட கண் வாக்கா, அதாவது மாறுகண்ணா? ஃபோட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க!

[காட்சி: கைக்குழந்தையின் முகம், கிட்டத்தில்]

ஃப்ளாஷ் போட்டு, புள்ளை நேரே பாத்தபடி எடுத்த படம் ஒண்டு இருக்கா? பெருசாக்குங்க. ரெண்டு கண்ணிலயும் சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும். ரெண்டிலயும் ஒரே இடத்தில நிண்டா நல்லது. ஒண்டில நடுவில, மற்றதில ஓரத்தில எண்டா வீடியோவை விட்டுட்டுப் போயிராதீங்க. 19ஆம் நூற்றாண்டில ஹிர்ஷ்பெர்க் எண்ட ஜெர்மன் வைத்தியர் மெழுகுதிரி வெளிச்சத்தில பாத்ததும் இதைத்தான்.

மாறுகண், வாக்குக்கண், எப்படிச் சொன்னாலும் ஒண்டுதான். "அது அதிர்ஷ்டம்" எண்டும் சொல்லுவம். ஆருக்கு அதிர்ஷ்டமோ, புள்ளைக்கு இல்லை.

முதல் ரெண்டு மூணு மாதம் கண் அங்க இங்க ஓடும், பயப்பட வேணாம். 4 மாதம் தாண்டியும் விலகினா காட்டணும். எந்நேரமும் ஒரே பக்கம் நிண்டா அதுவரைக்கும் பொறுக்கவும் வேணாம். மூக்குத்தண்டு சப்பையா இருந்தா வாக்கு மாதிரித் தெரியும், உண்மையில வாக்கில்லை. அந்தப் புள்ளி காட்டிக்குடுக்கும்.

[காட்சி: கொம்புமுறி]

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். நம்ம மட்டக்களப்புக் கொம்புமுறி விளையாட்டில வடசேரி எண்ட கட்சி ஒரு பக்கம், தென்சேரி எண்ட கட்சி ஒரு பக்கம், கொளுவின கொம்பைக் கயிறு கட்டி இழுப்பாங்களே, கண்ணும் அப்படித்தான். ஒரு கண்ணை ஆறு தசை பிடிச்சிருக்கு, ரெண்டுக்கும் 12. சமமா இழுத்தா கண் நேரே நிக்கும். ஆனா கைக்குழந்தையில பெரும்பாலும் இழுக்கிற ஆக்களில பிழையில்லை. "இழு, விடு" எண்டு கத்துற ஆள் மூளை, அவர்தான் ஆளுக்கொரு சத்தம் வைக்கிறார். (நீங்க எந்தச் சேரி? கமென்ட்ல போடுங்க.)

ரெண்டு கண்ணும் ரெண்டு படம் அனுப்பினா மூளை ஒண்டை அணைச்சிரும். அணைஞ்ச கண் சோம்பிப்போகும், தூரம் மட்டுக்கட்டுறதும் குறையும். ஏழெட்டு வயசு தாண்டினா மீட்கிறது கஷ்டம்.

குறைமாதம், மூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், தலையில நீர் கட்டுறது, குடும்பத்தில வாக்கு, இதுகளோடயும் வரும். ஒண்டை மட்டும் அழுத்திச் சொல்றேன்: படத்தில கருமணி வெள்ளையாத் தெரிஞ்சா நாளைக்கு எண்டு வைக்காதீங்க. கண்புரையா இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா எண்ட கண் புற்றுநோயாவும் இருக்கலாம். அதுட முதல் அடையாளம் சிலவேளை வாக்குக்கண்தான். கிளினிக் மிட்வைஃபிட்டச் சொல்லுங்க, இல்லாட்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கே போங்க.

வைத்தியம் கண்ணாடி, கண்ணை மூடுற ஒட்டு, தேவைப்பட்டா ஆபரேஷன். ஒட்டை நல்ல கண்ணிலதான் ஒட்டுவாங்க. அம்மம்மா சண்டைக்கு வருவா: "பாக்கிற கண்ணை ஏன் புள்ள மூடுறாய்?" சோம்பின கண் வேலை செய்யட்டும் எண்டுதான், அம்மம்மா!

புள்ளை பிய்ச்சு எறியும். "நித்திரையில ஒட்டிவிட்டா என்ன?" எண்டு கேப்பீங்க. நித்திரையில எந்தக் கண் வேலை செய்யுது?