டோர்னக்கல்லுக்குப் போன வெள்ளாளன்விளைக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்திருந்த பிரதிநிதிகள் ஆயிரத்துக்கும் மேல். அதில் ஆசியாக்காரர்கள் என்று எண்ணினால் இருபது பேர்கூடத் தேறவில்லை. ஒரு மாலைக் கூட்டத்தில் முப்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர் பேச எழுந்தார். மிஷனெரிகளின் உழைப்பை இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றியோடு நினைக்கும் என்றார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள் என்றார். பைபிளில் முதல் கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரம் படித்தவர்களுக்கு அடுத்து வரப்போகும் சொல் எது என்று தெரியும். அன்பு. "அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று சொல்லி முடித்தார்.

ஒரே சபையில் ஒரே வேலை செய்தாலும், வெள்ளைக்கார மிஷனெரியும் இந்திய ஊழியரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அரிதாக இருந்த காலம் அது. அந்தப் பேச்சு சிலருக்குக் கோபத்தையே உண்டாக்கியது. பேசியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இரண்டு வருடம் கழித்து, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பிஷப், ஆனவர்.

அசரியா 1874 ஆகஸ்ட் 17-இல் பிறந்தார். ஊர், மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வெள்ளாளன்விளை. தேரி என்கிற செம்மணலும் பனையும் உள்ள திருநெல்வேலிச் சீமை. அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்க் குருவானவர். பையன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வரை போய்ப் படித்தான், ஆனால் பட்டம் வாங்கவில்லை. அப்புறம் ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் செயலாளர் வேலை. 1895-இலிருந்து பதினான்கு வருடம் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார்.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் யாழ்ப்பாணம் என்றுதான் நான் சொல்வேன். 1902-இல் அங்கே போனபோது, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்புவதைக் கண்டார். தொண்டி நம் ராமநாதபுரம் கரையில் இருக்கிறது. திருநெல்வேலியில் இத்தனை சபைகள் இருந்தும் நாம் யாரை எங்கே அனுப்பினோம் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. மறு வருடமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில். பனைமரத்தையும் சிறு வியாபாரத்தையும் நம்பிப் பிழைத்த எத்தனையோ குடும்பங்களின் காணிக்கை அதில் இருந்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது.

அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் டோர்னக்கல். அன்றைக்கு நிஜாம் ஆட்சிப் பகுதி, இன்றைக்குத் தெலங்கானா. பேச்சு தெலுங்கு. ஆளை அனுப்புவதோடு நிற்காமல், 1909-இல் குருப்பட்டத்துக்கு அபிஷேகம் பெற்று அசரியாவும் அங்கே போனார். முப்பது வயது தாண்டி, மனைவி அன்புவோடும் பிள்ளைகளோடும் போய், இன்னொரு மொழியில் பிரசங்கம் செய்யும் அளவுக்குப் படிப்பது லேசான காரியமில்லை.

1912 டிசம்பர் 29, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்கு அத்தியட்சர் அபிஷேகம் நடந்தது. இதற்காக வாதாடியவர் சென்னை அத்தியட்சர் ஹென்றி ஒயிட்ஹெட். எதிர்ப்பு பல பக்கமும் இருந்தது. ஓர் இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் வேலை செய்வதா என்று கேட்டவர்கள் உண்டு. நம்மவர்களிலும் சாதியை மனசில் வைத்து முகம் சுளித்தவர்கள் உண்டு. அதனால்தான் ஐரோப்பியர் அதிகம் இல்லாத டோர்னக்கல்லை முதலில் அவருக்கு ஒதுக்கினார்கள். 1920 வாக்கில் அவருடைய திருமண்டலம், அதாவது அத்தியட்சரின் பொறுப்பில் உள்ள பகுதி, கிருஷ்ணா மாவட்டம் வரை விரிந்தபோது, ஆங்கில மிஷனெரிகளும் அவருடைய பொறுப்பில் வந்தார்கள்.

சரி, எடின்பரோவில் நட்பைக் கேட்டவர், டோர்னக்கல்லில் அதே நட்பைத் தானும் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட இந்த இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று தொடாது. அவர்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, ஒரே பாத்திரத்தில் நற்கருணை கொடுத்தார். இது ஒரு நாளில் நடந்த காரியம் அல்ல. வருடக்கணக்கில் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசி, கோபித்து, மறுபடியும் பேசிச் செய்தது. நேற்று வரை தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் உபதேசியாராகவும் குருவானவராகவும் எழுந்து நின்றார்கள்.

ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரையும் தன் தலையில் தானே கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளுக்கும் அதே வார்த்தைதான். மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் 1930-களில் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. அதே அசரியா, கிறிஸ்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றும் உறுதியாகச் சொன்னார். நாட்டு மக்களிடமிருந்து கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்தும் ஏற்பாடு எதையும் அவர் விரும்பவில்லை.

டோர்னக்கல் பேராலயத்தைப் பார்த்தால் அந்த மனசு புரியும். ஐரோப்பியக் கோயில்போல ஊசிக் கோபுரம் கிடையாது. மசூதிபோலக் குவிமாடமும் மினாரும், கோயில் மண்டபம்போலத் தூண்களும், தாமரை வேலைப்பாடும் உண்டு. கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது. 1939 ஜனவரி 6-இல் பிரதிஷ்டை நடந்தது.

இன்னொரு வேலையும் அவர் கையில் இருந்தது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடி, தென்னிந்தியாவில் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு கிராமத்தில் ஆங்கிலிக்கன், பக்கத்துக் கிராமத்தில் மெதடிஸ்ட் என்று வெளிநாட்டுச் சண்டைகளை நம் மக்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் ஆதங்கம். இருபத்தைந்து வருடம் அதற்காகப் பேசினார், எழுதினார், கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்தார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 புத்தாண்டு நாளில் இறந்துபோய், தன் சொந்தத் தேரிக்காட்டிலிருந்து வெகுதூரத்தில், தெலுங்கு மக்கள் நடுவே, அந்தப் பேராலயத்தின் பக்கத்திலேயே அடக்கமாகியிருந்தார்.

நன்றி, வணக்கம்.