ரெண்டாவது தரம் பாக்கிற கண்

நடுவர் அவர்களே, சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நல்ல படம் கிளிக் பண்ணுற நொடியில பிறக்குதா, இல்லாட்டி அதுக்குப் பிறகு செய்யிற வேலையிலயா எண்டதுதான் தலைப்பு, நான் பிறகு செய்யிற வேலை எண்ட பக்கம் நிண்டு கதைக்கிறன்.

எனக்கு முதல் கதைச்ச எதிரணித் தம்பி, பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் கார்ட்டியர் பிரெஸ்ஸனைக் கொண்டுவந்து, அந்த நொடிதான் எல்லாம், பிறகு தொட்டா படம் கெட்டுப்போகும் எண்டார். தம்பி, 1932ல பாரிஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால தண்ணிக்கு மேலால ஒரு மனிசன் பாயிறாரே, நீங்களே புகழ்ந்த படம், அது வேலி இடுக்குக்குள்ளால எடுத்தது. ஒரு பக்கம் வேலி மறைச்சுக்கொண்டு நிண்டது, அதை வெட்டித்தான் பிரிண்ட் போட்டவை. க்ரொப் பண்ணுறதையே விரும்பாத மனிசன், அவற்ற படத்துக்கே ரெண்டாவது தரம் பாக்கிற ஒரு கண் தேவைப்பட்டிருக்கு!

அந்தக் கண் எங்கட கொழும்பிலயே இருந்தது. நாடகம் பாக்க கில்ட்ஃபோர்ட் கிரசன்ட்டுக்குப் போறம், லயனல் வென்ட் எண்ட பேரை வாசலில வாசிக்கிறம். 1900ல பிறந்து 1944ல காலமானவர், சட்டம் படிச்சவர், பியானோக் கலைஞர், படப்பிடிப்பாளர், ஆனா படம் கழுவுற டார்க் ரூமுக்குள்ள அவர் செய்ததைத்தான் நான் பெரிசா நினைக்கிறன். சோலரைசேஷன் எண்டு ஒண்டு, டெவலப்பர் எண்ட படம் கழுவுற மருந்துத் தட்டுக்குள்ள உருவம் பாதி தெளிஞ்சு வரேக்க ஒரு கணம் லைட்டைப் போட்டு அணைக்கிறது, அப்ப வெளிறின இடங்கள் இருளத் தொடங்கும், இருட்டும் வெளிச்சமும் முட்டுற விளிம்பில பென்சிலால கீறின மாதிரி மெல்லிசா ஒரு கோடு ஓடும், லைட் கொஞ்சம் கூடினா எல்லாம் கறுத்துப்போயிடும். அந்தக் கோடு நிண்ட ஆளின்ட தோளில இருக்கேல்ல, கமராக்குள்ளயும் இருக்கேல்ல. பிறகுதான் வந்தது.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் அன்சல் அடம்ஸும் பியானோ படிச்சவர்தான். நெகட்டிவ் எண்டது இசைக்குறிப்பு, பிரிண்ட் எண்டது கச்சேரி எண்ட கருத்தைச் சொன்னவர். 1941ல எடுத்த நிலா படத்தை வருசக்கணக்கா திரும்பத் திரும்ப பிரிண்ட் போட்டவர், முதல் பிரிண்டுகளில வானத்தில வெளிறின முகில் தெரியும், பிந்தினதுகளில வானம் கிட்டத்தட்ட கறுப்பு. நெகட்டிவ் அதேதான், அவர் அதுக்குள்ள கண்டுபிடிச்சதுதான் வேற.

போனில எடுத்தா உள்ளது உள்ளபடியே வருது எண்டும் எதிரணி சொன்னவை. காலிமுகத்திடலில பின்னேரம் ஒரு படம் எடுங்கோ, இப்பத்தைய போன் ஒரு தட்டுக்கே பல ஃபிரேம் எடுத்துச் சேத்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கித்தான் காட்டும். எப்பிடியும் யாரோ படத்தைத் தொடத்தான் போயினம், அதை எடுத்தவரே தொடட்டும் எண்டுதான் நான் சொல்லுறன். செய்திப் படத்தில இல்லாத புகையைச் சேக்கிறது பொய், அதுக்காக நான் வாதாட வரேல்ல.

நடுவர் அவர்களே, வென்ட் போனபிறகு அவற்ற நெகட்டிவ்களை அழிச்சிட்டினம். ஷட்டர் பிடிச்சது போயிட்டுது, இண்டைக்கு உலகம் அவரைப் பாக்கிறது அந்த பிரிண்டுகளிலதான். கிளிக்கிலயே படம் முடிஞ்சுதெண்டா இப்ப நாங்க பாக்கிறது என்ன, எதிரணி அடுத்ததா எழும்பேக்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.