போட்டுக்கு மேல பனர் கட்டாதேங்கோ! ஞாபகார்த்த கிறவுண்ட், துரையப்பா, பலாலி

வணக்கம் உறவுகளே! போன வீடியோவில எங்கட ஊர் கிறவுண்ட் வாசலைக் காட்டினன் எல்லோ? "அமரர் இன்னார் ஞாபகார்த்த விளையாட்டரங்கு" எண்டு போட் இருக்கும். அந்தப் பெயருக்கு மேலாலயே ஒரு கடைக்காரர் தன்ர பனரைக் கட்டிப்போட்டார். ஞாபகார்த்தம் தெரியுது, ஆரின்ர எண்டு தெரியேல்ல. எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது.

கதைச்சுக் கழட்டுவிச்சாச்சு. ஆனா பின்னால பெயின்ற் எல்லாம் உரிஞ்சுபோய்க் கிடக்கு. பெயர் எழுதிற அண்ணையைக் கேட்டால் 8,000 ரூபா எண்டார். ஒரு வரிக்குப் பாருங்கோ, 8,000! சின்ன ரின் எனாமல் 1,200, பிரஷ் 150, நானே இறங்கிட்டன். பழைய எழுத்தின்ர ஓரம் தகரத்தில கீறினமாதிரி இருந்தது, அதுக்குள்ளால பிரஷை விட்டு விட்டு நிரப்பினன். ஓ, சொல்ல மறந்திட்டன், முதல்ல சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கோணும், அது 60 ரூபா. இப்ப றோட்டால போற பஸ்ஸில இருந்தே வாசிக்கலாம். நல்லா வந்திருக்கு!

பெயரை இங்க சொல்லேல்ல, குடும்பத்தாரிட்ட இன்னும் கேக்கேல்ல. ஆனா பெயின்ற் அடிக்கேக்க ஒரு பெடியன் வந்து, "அக்கா, இவர் கிரிக்கெட் விளையாடினவரோ?" எண்டு கேட்டான். ஒவ்வொரு நாளும் அங்கதான் பந்து போடுறான். அதுதான் எனக்குத் தாங்கேல்ல.

யாழ்ப்பாண ரவுணில இருக்கிற துரையப்பா விளையாட்டரங்கிலயும் இதே கதைதான். "துரையப்பாவில மேட்ச்" எண்டு எல்லாரும் சொல்லுறம். அல்பிரட் துரையப்பா யாழ்ப்பாண மேயர். 1975 யூலை 27, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில சுட்டுக் கொன்றவை. அவரைப் பிடிக்கும், பிடிக்காது எண்டது வேற கதை, ஆரெண்டு தெரிஞ்சிருக்கோணும். அந்த அரங்கை 2016 யூன் 18 இந்தியக் காசில திருத்தித் திறந்தவை, மோடி டெல்லியில இருந்து வீடியோவில வந்தவர். அதுக்கு முந்தி, 1999இல, அந்த நிலத்தைக் கிண்டேக்க மனுச எலும்புக்கூடுகள் வந்தது. அந்தச் சனத்துக்கு அங்க பெயர் கிடைச்சுதோ?

அடுத்தது பலாலி எயார்போர்ட். கொமென்ற்ஸில எயார்போர்ட்டுக்கு ஆரின்ர பெயர் வைக்கிறது எண்டு ஒரே சண்டை. எனக்குத் துண்டாப் பிடிக்கேல்ல. 2019 ஒக்ரோபர் 17 யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்தும் சனம் பலாலி எண்டுதான் சொல்லுது. சிக்காகோ எயார்போர்ட்டுக்கும் 1949இல ஓ'ஹெயார் எண்ட போர் விமானியின்ர பெயரை வைச்சவை, ரிக்கற்றில இப்பவும் பழைய ஓச்சர்ட் பெயரின்ர ஓ.ஆர்.டி. எண்ட குறியீடுதான் கிடக்கு.

நான் கேக்கிறது இதுதான். 1998 செப்டெம்பர் 29, பலாலியில இருந்து கொழும்புப் பக்கம் இரத்மலானைக்கு வெளிக்கிட்ட லயன் எயார் 602 விமானம் கடலுக்குள்ள விழுந்தது. 55 பேர். கூடுதலா எங்கட சனம். எயார்போர்ட்டுக்கு ஒரு பெரிய ஆளின்ர பெயர் வேண்டாம், அந்த 55 பெயரையும் சனம் வரிசையில நிக்கிற சுவரில எழுதுங்கோ. வயது, ஊர், என்ன வேலைக்குப் போனவை, எல்லாம். வாசிக்க நேரம் இருக்கும், செக்கின் வரிசை எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

உங்கட ஊர் ஞாபகார்த்த கிறவுண்ட் போட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ, ஆரெண்டு கீழ ரெண்டு வரியும் எழுதுங்கோ. அடுத்த கிழமை அதுகளைத்தான் வாசிக்கப்போறன். மிச்ச எனாமல் அரை ரின் இருக்கு, கிட்டின ஊரெண்டால் நானே வாறன்.