நடுவே இருக்கும் வெளியை வரையச் சொல்லுங்கள்

(இளம் கட்டடக்கலை ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்)

வணக்கம்.

நகர வடிவமைப்பு ஸ்டூடியோவின் முதல் நாள் எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது. ஒரு மனையின் எல்லைக்கோட்டைக் கொடுப்போம். மாணவர் லேப்டாப்பைத் திறப்பார். சாயங்காலத்துக்குள் ஓர் அரைவட்டம், அதை ஊடுருவும் ஓர் அச்சு, அச்சின் முனையில் ஓர் உயர்ந்த கட்டடம் என்று பார்க்க லட்சணமான கோலம் ஒன்று வந்துவிடும். கோலம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கோலத்தை மேலிருந்து பார்க்கிறோம், முழுசாகத் தெரிகிறது. தெருவை அப்படிப் பார்ப்பது பருந்து மட்டும்தான்.

ஆகவே முதல் இரண்டு வாரம் கட்டடம் வரைய விடாதீர்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. 30 மீட்டர் டேப், சாக்பீஸ், ஏ3 அட்டை, மூன்று பேர் கொண்ட குழு. தெருவுக்கு அனுப்புங்கள். மதுரைப் பழைய நகரை வைத்துப் பேசுகிறேன்; அளக்கக் கிடைக்கிற ஊர்களில் அதைவிடச் செழிப்பானது குறைவு.

மதுரையின் வீதிகள் கோவிலைச் சுற்றி வளையம் வளையமாகப் போவது எல்லோருக்கும் தெரியும். கோவிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. வெளி வீதி மட்டும் மற்றவற்றின் சாதியல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்தது அது. மாணவர் இந்த வளையங்களைப் பார்த்ததும் அளவுகோலை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் கீறுவார். நிறுத்துங்கள். மாசி வீதி நேர்கோடில்லை, வளைகிறது, நெளிகிறது. அந்த வீதியை அளவெடுத்தது எது என்று கேளுங்கள். பதில், தேர்.

சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில். திருமலை நாயக்கர் காலத்தில் மாசித் திருவிழா சித்திரைக்கு மாற்றப்பட்டது என்பார்கள். மாதம் மாறியது, வீதி மாறவில்லை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு அசையாது, சக்கரம் திரும்பாது. வடம் இழுக்கிறவர்கள் முன்னால் நேர்கோட்டில் நிற்க நீளம் வேண்டும். முனையில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்ப வேண்டும். அந்த நேரத்தில் வடம் பிடித்த கூட்டம் அடுத்த வீதிக்குள் போய்விட்டிருக்கும். தேர் இன்னும் பழைய வீதியில் நிற்கும். வீதியின் அகலம், முனையில் தேவைப்படும் கூடுதல் இடம், மேலே எவ்வளவு உயரத்துக்கு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது, எல்லாமே இந்த ஓர் அசைவிலிருந்து வருகின்றன. மாணவருக்கு முதல் தாளாக இதைக் கொடுங்கள்: ஒரு வீதி முனையை 1:200 அளவில் வரைந்து, அட்டையில் வெட்டிய தேரை அதன்மேல் நகர்த்தித் திருப்பச் சொல்லுங்கள். இடம் என்பது அசைவுக்குப் போட்ட சட்டை என்று நாம் அரைமணி நேரம் பேசுவதை அந்த அட்டை இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடும்.

அடுத்தது வெட்டுப்படம், அதாவது வீதியைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தது போல வரையும் படம். ஒரு வீதிக்கு மூன்று இடத்தில், 1:200. சுவரிலிருந்து சுவர் வரை ஒரே அளவாக எடுத்துக்கொண்டு வருவார்கள், அது போதாது. வாசற்படி, திண்ணை, சாக்கடை மூடி, நடைபாதை, மின்வாரியப் பெட்டி, சன்ஷேடு, நிறுத்தியிருக்கிற பைக், எல்லாம் அளவோடு வர வேண்டும். 12 மீட்டர் வீதியில் இரண்டு பக்கமும் பைக்கைக் குறுக்காக நிறுத்தினால் பக்கத்துக்கு 2 மீட்டர் போய்விடும், மிஞ்சுவது 8. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது சாலைகளுக்கான தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ். வரைபடத்தில் 2 மீட்டர் காட்டியிருக்கும், நடுவில் மின்பெட்டி நிற்கும், நடக்கக் கிடைப்பது முக்கால் மீட்டர். உயரத்தை அளக்க ஏணி வேண்டாம். கதவின் மேல்விளிம்பு பெரும்பாலும் 2.1 மீட்டர், நேரெதிரே நின்று எடுத்த படத்தில் அதை அளவுகோலாக வைத்து மேலே எண்ணிக்கொள்ளலாம். சாய்வாக எடுத்த படம் உதவாது.

வெட்டுப்படம் கையில் வந்த பிறகுதான் விகிதம் பேச வேண்டும். வீதி அகலத்தைக் கட்டட உயரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். ஒன்று வந்தால் எதிர்ச்சாரிக் கூரை விளிம்பு 45 பாகையில் தெரியும். நன்றாக அணைத்துப் பிடித்த உணர்வு. இரண்டு வந்தால் 27 பாகை, அறை போலவே இருக்கும். மூன்றில் 18 பாகை, அணைப்பு தளர்கிறது. அதற்கும் மேலே போனால் சுவர்கள் வெறும் பின்புலம். 12 மீட்டர் வீதியில் 6 மீட்டர் மாடி வீடுகள் இருந்தபோது விகிதம் இரண்டு. வீடுகளை இடித்து 12 மீட்டருக்குக் கட்டினால் ஒன்று. அதே வீதி, அதே அகலம், வேறு இடம். இதைத் தாளில் எழுதினால் ஏறாது. இரண்டு வெட்டுப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் ஏறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த விகிதங்கள் ஐரோப்பியச் சதுக்கங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. அங்கே வெயிலைத் தேடுகிறார்கள், நாம் நிழலைத் தேடுகிறோம். மதுரை இருப்பது ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில். மார்ச், செப்டம்பர் மாதங்களில் கிழக்கு மேற்காகப் போகும் வீதியில் சூரியன் கிட்டத்தட்ட வீதியின் தலைக்கு மேலேயே நடந்து போகிறது. இரு பக்கக் கட்டடத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பெரிய நிழல் கிடையாது. வடக்கு தெற்காகப் போகும் வீதியிலோ, சூரிய நேரப்படி மூன்று மணிக்குச் சூரியன் 45 பாகை அளவில் இருக்கும். மேற்குச் சாரியின் 6 மீட்டர் சுவர் 6 மீட்டருக்கு நிழல் போடும், 12 மீட்டர் வீதியில் பாதி. ஆகவே ஒரே விகிதத்தை நான்கு திசை வீதிக்கும் பூசிவிட்டு வருகிற மாணவரைத் திருப்பி அனுப்புங்கள். கிழக்கு மேற்கு வீதிக்கு மரமோ தாழ்வாரமோ வேண்டும், வடக்கு தெற்கு வீதிக்குச் சுவரே ஓரளவு வேலை செய்யும்.

கோபுரத்தைப் பற்றியும் கணக்குப் போட்டே பேசலாம். தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர். மதுரையில் கோவிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டர் என்று கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாடு இருந்தால் கோபுரம் எங்கிருந்தும் தெரியும் என்று மாணவர் நினைப்பார். கணக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கு 6 மீட்டர் தள்ளி 9 மீட்டர் கட்டடம் இருந்தால், கண் மட்டத்தைக் கழித்து, 50 பாகைக்கு மேல் தலையைத் தூக்கினால்தான் அதைத் தாண்டிப் பார்க்க முடியும். அந்தக் கோணத்தில் கோபுரத்தின் உச்சி தெரிய, கோபுரத்திலிருந்து 40 மீட்டருக்குள் நிற்க வேண்டும்! ஆக, நடக்கிறவருக்குக் கோபுரத்தைக் காட்டுவது உயர விதியைவிட, கோபுரத்தை நோக்கித் திறக்கும் தெருவின் திசைதான். அந்தத் திசையில் குறுக்கே தொங்கும் பேனரும் கேபிளும் ஒன்பதாவது மீட்டருக்குக் கீழேயே காரியத்தைக் கெடுத்துவிடும்.

இப்போது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வருகிறேன். கட்டடமெல்லாம் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. 1:1000 வசதி, ஒரு மில்லிமீட்டர் ஒரு மீட்டர். செயற்கைக்கோள் படத்தின்மேல் டிரேஸ் செய்வதில் மூன்று தவறு நிச்சயம் வரும். மரக்கிளையைக் கூரை என்று கறுப்பாக்குவார்கள். வாசலில் இறக்கிய தகரக் கொட்டகையைக் கட்டடமாக்குவார்கள். மனை எல்லையோடு படத்தை நிறுத்திவிடுவார்கள். மூன்றாவதுதான் பெரிய தவறு. நான்கு பக்கமும் குறைந்தது ஒரு முழுக் கட்டடத் தொகுதியாவது படத்துக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் மனை கடலில் மிதக்கும் தீவு மாதிரி ஆகி, அதில் கப்பல்தான் கட்டுவார்கள்.

அதன்பின் இரண்டாவது தாள். 1748இல் ஜாம்பத்தீஸ்தா நொல்லி ரோம் நகரை வரைந்தபோது தேவாலயங்களின் உட்புறத்தையும் தெருவைப் போலவே வெள்ளையாக விட்டார். மக்கள் போய் வருகிற இடமெல்லாம் ஒரே வெளி என்று. மதுரையில் அதைச் செய்தால் ஆடி வீதியும் பிராகாரங்களும் ஆயிரங்கால் மண்டபமும் கீழைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபமும் திடீரென்று வெள்ளையாகி, ஊரின் நடுவே ஒரு பெரிய வாய் திறக்கும். திண்ணையை என்ன செய்வது? யாரோ ஒருவருக்குச் சொந்தம், ஆனாலும் வழிப்போக்கர் உட்காரலாம். அதற்குச் சாம்பல் நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று நிறமான அந்தத் தாளைப் பார்த்தால், பழைய தெருக்களின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு ஓடும்; புதிய குடியிருப்புகளில் காம்பவுண்டுச் சுவரோடு கறுப்பும் வெள்ளையும் முட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது வாரம் எண். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயரமில்லாத கட்டடங்களுக்கு அடிப்படை எஃப்எஸ்ஐ 2. அதாவது எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டினால் மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு. ஒரு ஹெக்டேர், 100க்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்ட வேண்டியது 20,000 சதுர மீட்டர். ஒரு மாணவர் 2,000 சதுர மீட்டர் அடித்தளத்தில் பத்து மாடி எழுப்பி, 8,000 சதுர மீட்டர் காலி இடம் மிச்சம் என்று பெருமைப்படுவார். காலி இடம்தான், உண்மை. மறுவருடமே அது கார் நிறுத்துமிடம். இன்னொருவர் ஓரத்தைச் சுற்றி 15 மீட்டர் ஆழத்துக்கு நான்கு மாடி ஓட்டுவார்: 5,100 சதுர மீட்டர், நான்கால் பெருக்கினால் 20,400. பத்து மாடி செய்ததை நான்கு மாடி செய்துவிட்டது! கட்டடக்கலை ஆய்வாளர்களான லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் 1960களில் கேம்பிரிட்ஜில் இதே கணக்கைத்தான் வலியுறுத்தினார்கள்.

ஆனால் இங்கே கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். நடு முற்றம் 70 மீட்டர், சுற்றிலும் 12 மீட்டர் உயரம். விகிதம் ஆறுக்குப் பக்கம். அது முற்றமில்லை, பொட்டல். 15 மீட்டர் ஆழக் கட்டடத்தின் நடுவில் வெளிச்சமும் எட்டாது. ஆழத்தை 12 ஆக்கி, நடுவில் 12 மீட்டரில் ஒரு குறுக்குக் கட்டடம் போடச் சொல்லுங்கள். 5,136 சதுர மீட்டர், நான்கு மாடிக்கு 20,544. முற்றம் இரண்டாகி, ஒவ்வொன்றும் 32க்கு 76 மீட்டர். விகிதம் 2.7. எதிர்ச்சாரி மாடத்தில் நிற்பவர் யார் என்று 25 மீட்டர் வரை முகம் பார்த்துச் சொல்லலாம். 32 அதிலிருந்து அதிகம் விலகவில்லை.

இதையே சின்ன மனையில் போட்டால் இன்னும் உறைக்கும். 6க்கு 24 மீட்டர் மனை, 144 சதுர மீட்டர். சுற்றிலும் 1.5 மீட்டர் விட்டால் கட்டடம் 3க்கு 21. 63 சதுர மீட்டர்தான். வெளியே 81 சதுர மீட்டர் கிடக்கிறது, ஆனால் ஒரு நாற்காலி போட இடமில்லை. ஏசி பெட்டியும் மழைநீர்க் குழாயும்தான் குடியிருக்கும். பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டினால்? முன்னே 8 மீட்டர் கட்டு, 4 மீட்டர் முற்றம், பின்னே 8 மீட்டர் கட்டு, 4 மீட்டர் கொல்லை. கட்டடம் 96, திறந்தவெளி 48. மூன்றில் இரண்டு பங்கு மூடி, மூன்று தளத்தில் எஃப்எஸ்ஐ 2 சரியாக வருகிறது. 9 மீட்டருக்குள் அடங்கியும் விடுகிறது. திறந்தவெளி 81இலிருந்து 48ஆகக் குறைந்தது, பயன்பாடு பல மடங்கு கூடியது. ஒட்டிக் கட்ட விதி எங்கெல்லாம் இடம் தருகிறது என்பதை மாணவரே தேடிப் பிடிக்கட்டும்.

மாதிரி செய்யும்போது 2 மில்லிமீட்டர் மில்போர்டு போதும். 1:500இல் 3 மீட்டர் தளம் 6 மில்லிமீட்டர், மூன்று அட்டை. சுற்றுப்புறம் பழுப்பு, புதியது வெள்ளை. மேலிருந்து படம் எடுக்கத் தடை போடுங்கள். ஒரு வீதியை மட்டும் 1:200இல் செய்து, போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸ் தரையைத் தொடும்படி வைத்து எடுக்கட்டும். 10 மில்லிமீட்டர் உயரம் என்றால் 2 மீட்டர். கொஞ்சம் நெட்டையான ஆள், அவ்வளவுதான்.

ஒரு நகரம் மனதில் எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்த கெவின் லின்ச் 1960இல் சொன்ன ஐந்தையும், அதாவது பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம், பாடத்திட்டம் கேட்கிறது, சொல்லிக்கொடுங்கள். ஐந்து நிறப் பேனாவால் வரைபடத்தை நிரப்புவதோடு அது முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். மதுரை விளக்குத்தூணைப் பார்க்கச் சொல்லுங்கள். கோபுரத்தின் உயரத்துக்கு முன் அது எம்மாத்திரம்? ஆனாலும் அந்த வட்டாரத்துக்கே பெயர் அதுதான். உயர்த்தினால் அடையாளம் வரும் என்று மாடி ஏற்றுகிற மாணவருக்கு அதுவே பதில்.

மதிப்பெண் போடும் நாளில் ஒன்று செய்யுங்கள். மாணவரின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் நிறம் மாற்றி, வெளியைக் கறுப்பாக்கி, கட்டடத்தை வெள்ளையாக்கி அச்செடுத்துச் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு கறுப்புத் துண்டையும் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். முற்றம், சந்து, வாசல், சந்தை என்று சொல்ல முடிந்ததற்கு மதிப்பெண். “சார், அது மிச்சம்” என்று சொன்ன இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து திரும்ப வரைந்து வரச் சொல்லுங்கள்.