நழுவிய செருப்பு

(ரங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

போன மழைக்காலம், நாற்று நடவு முடிந்த கையோடு, பெகு பக்கத்திலிருந்து ஒரு அக்கா என்னைப் பார்க்க வந்தார். கையில் எக்ஸ்ரே உறை. "தம்பி, முதுகெலும்பு தேஞ்சுபோச்சாம், இனிமே வயல்ல இறங்கவே கூடாதாம்" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நான் உறையைப் பிரிக்கவில்லை. அவர் வலது காலில் செருப்பு இல்லை. வாசற்படியிலேயே நழுவிக் கிடந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. இன்றைக்கு நான் பேச வந்ததே அந்தச் செருப்பைப் பற்றித்தான், முதுகு தேய்ந்தால் கால் ஏன் மரத்துப்போகிறது என்பதைப் பற்றித்தான்.

முதுகெலும்பில் கழுத்துக்கு 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று எலும்புகள் அடுக்கியிருக்கின்றன. இவற்றுக்கு நடுவே இருக்கும் மெத்தையைத்தான் டிஸ்க் என்கிறோம், ஜவ்வு என்றும் சொல்கிறோம். இளநுங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள், விரல் பட்டாலே தண்ணீர் தெறிக்கும். முற்றினால் பல் இறங்காது. டிஸ்க்கின் நடுப்பகுதியும் அப்படித்தான். இளமையில் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். வயது ஏற ஏற வற்றுகிறது. அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் சாப்பாடு. சுருட்டுப் புகை அந்தக் கசிவையும் கெடுக்கிறது.

மெத்தை தட்டையானால் சுமை பின்னால் இருக்கும் சிறு மூட்டுகளில் ஏறும். ஓரங்களில் எலும்பு முளைக்கும், நரம்பு வெளியே வரும் வாசல் குறுகும். சில பேருக்கு டிஸ்க்கே பிதுங்கி நரம்பை அழுத்தும். இடுப்பில் நடக்கிற இந்த நெருக்கடிக்குக் கால் மரத்துப்போகிறது. கழுத்தில் நடந்தால் கை விரல் மரக்கும்.

ஆனால் தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதுமே உடைந்துபோகாதீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டி 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தது. ஆனால் அவர்களுக்கு வலி இல்லை. தலை நரைப்பது மாதிரிதான் அது. அதனால்தான் நான் படத்தைவிடக் காலைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

எங்கே மரக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். அக்கா பாதத்தின் மேல்புறத்தையும் கட்டைவிரலையும் தொட்டார். இடுப்பின் ஐந்தாவது நரம்பு போகும் வழி அது. சுண்டுவிரல் பக்கமும் உள்ளங்காலும் என்றால் அதற்கு அடுத்த நரம்பு. இரண்டு பாதமும் காலுறை போட்ட மாதிரி ஒரே அளவாக மதமதத்தால் முதுகைவிடச் சர்க்கரையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அப்புறம் ஒன்று. நம் ஊரில் முதுகு பிடித்தால் குப்புறப் படுத்து யாரையாவது ஏறி மிதிக்கச் சொல்கிறோம். வெறும் தசைப்பிடிப்புக்குக் கையால் பிடித்துவிட்டால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் கால் மரத்தவரை, கால் வலு குறைந்தவரை மிதிக்காதீர்கள்! அந்த அக்காவையும் இரண்டு முறை மிதித்திருக்கிறார்கள். கேட்டபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமல் கசிந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி மூன்றும் சேர்ந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது முதுகெலும்பையும் அரிக்கும், பர்மாவில் அது அதிகம்.

மற்றபடி, டிஸ்க் பிதுங்கிக் காலில் இறங்கும் வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை இல்லாமலே தணிகிறது. நாள் கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். தாங்கும் அளவுக்கு நடங்கள்.

அக்காவுக்குக் கட்டைவிரல் மறுபடி தூக்க வந்துவிட்டது. மேல்பாதத்தில் மதமதப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இந்த வருஷமும் நடவுக்குப் போனார், நாலு வரிசைக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்றுகொண்டு.

சரி, எல்லோரும் எழுந்திருங்கள். பெரியவர்கள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிகாலால் நாலு அடி நடங்கள், பிறகு நுனிக்காலால் நாலு அடி. ஒரு பக்கம் மட்டும் தொய்கிறவர்கள் வீட்டுக்குப் போகாதீர்கள், இங்கே முன்னால் வாருங்கள்.